தேங்காயினுள் தண்ணீர் இருக்கிறது

"குலுக்கிப் பார்த்துச் சொல். உள்ளே என்ன சத்தம் கேட்கிறது?"

பயிற்சி மாணவி ரோசம்மாள் தேங்காயை முன்வரிசைப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண்ணின் பெயர் கன்னியம்மா, காசிமேட்டுப் பிள்ளை. வாங்கிக் காதோரம் வைத்து ஒரு தரம் குலுக்கினாள். காய்ந்த பருப்பு ஓட்டில் முட்டும் லொடலொட சத்தம் கடைசி பெஞ்சில் இருந்த எங்களுக்கே கேட்டது.

கன்னியம்மா தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், தேங்காயினுள் தண்ணீர் இருக்கிறது."

"நல்ல பதில். உட்கார்."

ரோசம்மாள் கரும்பலகையில் 'தண்ணீர்' என்று குண்டு குண்டாக எழுதினாள். வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. கருவாட்டு வாடை ஜன்னல் வழியே வந்து எல்லோர் மேலும் சமமாகப் படிந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மற்றப் பயிற்சி மாணவிகள் 'முழு வாக்கியத்தில் சரியான பதில் கூறப்பட்டது' என்று குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் இருந்த கௌதமி மட்டும் எழுதவில்லை. பென்சிலை வைத்துவிட்டு என் காதில் சொன்னாள்.

"நா போறேன்டி. இனிமே இந்தப் பேஜாரு நம்மளால ஆவாது."

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தோறும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

எங்கள் தேங்காய்

போன வாரம் இதே பத்திரிகையில் விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் கோபித்துக்கொண்டார்களாம். அவர்களில் ஒருவர்கூட அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர் இல்லை. சாப்பிட்டவர்கள் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். ஆகவே தைரியமாக மேலே போகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ராயபுரத்தில் பெண்களுக்கான ஒரு டிரெயினிங் ஸ்கூல் இருந்தது. உபாத்தியாயினிகளை உற்பத்தி செய்யும் இடம். அங்கே நான் போதனா முறை ஆசிரியை. எப்படிப் பாடம் சொல்வது என்று சொல்லிக்கொடுப்பேன். நான் யாருக்கும் பாடம் சொல்வதில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர் கரையில் நிற்கலாம். நாங்கள் கடலுக்கே முதுகைக் காட்டி நின்றோம்.

எங்கள் பள்ளியோடு ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் படித்தார்கள். படித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கள் பயிற்சி மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர்கள்மேல் பாடம் நடத்திப் பழகுவார்கள். தேங்காய்ப் பாடம், பசுப் பாடம், உப்புப் பாடம். வருஷா வருஷம் மாணவிகள் மாறினார்கள், பாடங்கள் மாறவில்லை. பிள்ளைகளும் மாறவில்லை. கன்னியம்மா தேங்காயைப் பற்றிக் கேட்ட பாடங்களைச் சேர்த்தால் அவள் ஒரு தோப்புக்கே சொந்தக்காரி.

தேங்காயும் அதே தேங்காய்தான். எங்களுக்கு முன்னிருந்த யாரோ ஒரு புண்ணியவதி வாங்கி அலமாரியில் வைத்தது. புதிது வேண்டுமென்றால் மேலே எழுதிக் கேட்கவேண்டும். பழையது உடையாமல் இருக்கும்போது புதிது எதற்கு என்று பதில் வரும். உடைக்கலாமென்றால், கற்பிக்கும் சாதனத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்று விதி. ஆகவே தேங்காய் சிரஞ்சீவியாக இருந்தது.

பாடம் நடத்தப்போகிறவள் முதல் நாளே அதை எடுத்து நல்லெண்ணெய் தடவித் துடைப்பாள். சாதனம் பார்வைக்கு எடுப்பாக இருக்கவேண்டும் என்பது கௌதமியின் போதனை. இப்படிப் பல வருஷத்து எண்ணெய் ஏறி அது கருங்காலிப் பெட்டிபோல் பளபளத்தது. தண்ணீர் எந்தக் காலத்திலோ வற்றி, பருப்பு கொப்பரையாகி, உள்ளே தனியே உருண்டுகொண்டிருந்தது. ஆனால் பாடக்குறிப்பில் 'குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்' என்று இருந்தது. முதலில் வந்த பிள்ளைகள் என்ன சொன்னார்களோ தெரியாது. எங்கள் காலத்துப் பிள்ளைகள் எதிர்பார்த்ததைச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ராஜினாமா

பாடம் முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு விமர்சனம் தொடங்கும். அதுதான் எங்கள் பள்ளியின் பெரிய சடங்கு. ஒவ்வொருத்தியாக எழுந்து பாடம் நடத்தியவளின் குணம் குறைகளைச் சொல்லவேண்டும். முதலில் குணம், பிறகு குறை. விஷயம், முறை, குரல், கரும்பலகை என்று வரிசை தப்பக் கூடாது. பாடம் நடத்தியவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் நாங்கள் எழுந்து, குறை சொன்னவர்கள் குறை சொன்ன விதத்தில் இருந்த குறைகளைச் சொல்வோம்.

அன்று ரோசம்மாள் அழுதாள். கண்ணீரைத் துடைக்கத் தூக்கிய கையில் சாக்பீஸ் இருந்ததால் முகமெல்லாம் வெள்ளையாயிற்று. அதையும் ஒருத்தி 'கரும்பலகைச் சாமான்களைக் கையாளும் முறை' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டாள்.

அது முடிந்து வெளியே வந்தால் நானும் கௌதமியும் கடற்கரை வரை நடப்போம். அங்கே கட்டுமரங்களுக்கு நடுவே நின்று வேலையை ராஜினாமா செய்வோம். திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

கௌதமியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சித்திர ஆசிரியை. சாதன அலமாரிச் சாவியும் அவளிடம்தான். வியாசர்பாடிப் பெண், அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். பௌத்தக் குடும்பம், அதனால்தான் அந்தப் பெயர். வகுப்புக்குள் அவள் பேசும் தமிழில் ஒரு புள்ளி பிசகாது. வாசற்படி தாண்டினால் பிறந்த பாஷைக்குத் திரும்பிவிடுவாள். செருப்பைக் கழற்றுவதுபோல் சுகமாக இருக்கிறது என்பாள்.

அவள் வேலையை விட ஒரு முறை உண்மையாகவே முயற்சி செய்தாள். திருவொற்றியூர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனிக்கு மேல்சீட்டுப் படம் வரைய ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு மயில் வரைந்து எடுத்துப் போனாள். அற்புதமான மயில். ஆனால் பழக்கதோஷத்தில் அதைச் சுற்றிக் கோடு இழுத்து 'கொண்டை', 'அலகு', 'தோகை', 'கால்' என்று பெயரெழுதி வைத்திருந்தாள். கம்பெனிக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, பீடி பத்தவைக்கிறவனுக்கு இது எதுக்கு?" என்று கேட்டாராம்.

"அந்தாளு கேட்டது நல்ல கேள்விதான்டி," என்றாள் கௌதமி, திரும்பி வந்து. "ஏன், எதுக்குன்னு தொடங்குது. நாம சொல்லிக்குடுக்கற மாரியே கீது."

ஏன் போக நினைத்தோம்

டிரெயினிங் ஸ்கூல் ஆசிரியர்கள் ஏன் வேலையை விட நினைக்கிறார்கள் என்று இந்தக் காலத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். என்னைக் கூப்பிட்டால் சொல்வேன்.

விடுதியிலேயே இருக்கவேண்டும். ராத்திரி எந்த மாணவியின் விளக்கு எரிகிறது என்று பார்க்கவேண்டும். எரிந்தால் ஏன் எரிகிறது, அணைந்தால் ஏன் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களை வரிசையாகக் கடற்கரைக்கு ஓட்டிப்போய் வரிசையாக ஓட்டி வரவேண்டும். இதெல்லாம் உடம்புக்குக் கஷ்டம், போகட்டும்.

மனசுக்கு ஆகாதது வேறு. குறை கண்டுபிடிப்பதே தொழிலாகிவிட்டால் அந்தக் கண்ணைச் சாயங்காலம் கழற்றி வைக்க முடிவதில்லை. ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு அம்மாள் ஒப்பாரி வைத்தாள். கௌதமி என் பக்கம் சாய்ந்து, "குரலு பின்வரிசைக்கு எட்டல," என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

இன்னொன்று. எங்களிடம் படித்தவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். பாக்கியம் என்று ஒரு மாணவி. அவள் பாடம் நடத்தியபோது, 'குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, கேள்விகளில் உயிரில்லை' என்று சொல்லி அவளைச் சாப்பிடவிடாமல் அழவைத்தவள் நான். அவள் மேலே படித்து இன்ஸ்பெக்ட்ரஸ் ஆகி எங்கள் பள்ளிக்கே சோதனைக்கு வந்தாள். ஒரு மாதிரிப் பாடம் நடத்திக்காட்டுங்கள் என்றாள். நடத்தினேன். தேங்காய்தான்.

அவள் எழுந்து முதலில் குணங்களைச் சொன்னாள். பிறகு, "குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. கேள்விகளில் உயிரில்லை," என்றாள். பழிவாங்கினாள் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான் டீச்சர்," என்று கண்கலங்கினாள். நிஜமாகவே நன்றியோடு சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன், சம்மதம் என்று.

இரண்டே வழி

எதற்குச் சம்மதம் என்று சொல்லவேண்டும். எங்கள் பள்ளியை விட்டுப் போக மானமான வழி இரண்டுதான்: மரணம், கல்யாணம். கல்யாணமானவளுக்கு அங்கே வேலையில்லை. காரணம் கேட்காமல் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். வேறு எப்படிப் போனாலும் 'ஏதோ நடந்திருக்கிறது' என்று ராயபுரம் முழுக்கப் பேசும்.

என் அப்பா யானைக்கவுனியில் மிளகாய் மண்டி வைத்திருந்தார். தெற்கத்திக்காரர். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று ஜாதகக்காரன் சொன்னான். கல்யாணம் ஆகும்வரை படிக்கட்டும் என்றார் அப்பா. கல்யாணம் ஆகவில்லை, படிப்பு ஆகிக்கொண்டே போயிற்று. அப்படித்தான் நான் போதனா முறை ஆசிரியை ஆனேன். அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

இப்போது ஒரு வரன் வந்திருந்தது. கொத்தவால்சாவடியில் தேங்காய் மொத்த வியாபாரம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. சாதுவான மனிதர் என்றார்கள். தூரத்தில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். தராசின் முள்ளைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம். அந்தப் பொறுமையான முகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒருவேளைச் சோறாவது குறை சொல்லப்படாமல் சாப்பிடலாம் என்று ஆசைப்பட்டேன்.

கௌதமியிடம் சொன்னேன்.

"போ. ஒருத்தியாவது தப்பிச்சுக்க," என்றாள். "நா இங்க ஒண்டியா உக்காந்து யாராண்ட ராஜினாமா பண்றதுன்னுதான் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மண்டி வீட்டில் பெண் என்று இருந்தது அத்தை ஒருத்திதான். அவளுக்கு முழங்கால் வலி. 'வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய் எல்லாம் நீயே வாங்கிட்டு வந்திரு தாயி' என்று சொல்லியனுப்பியிருந்தாள். தன்னைப் பெண் பார்க்கத் தானே தேங்காய் வாங்கிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிடித்துப்போனால் அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை மார்க்கெட்டில் நல்ல தேங்காயாகப் பார்த்து வாங்கினேன். விடுதியில் வைத்தால் காலையில் சட்னியாகிவிடும். ஆகவே கௌதமியின் சாதன அறையில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

மண்டி வீட்டில்

கௌதமி பையைத் தூக்கிக்கொண்டாள். ஜட்கா பிடித்துப் போனோம். யானைக்கவுனி வீட்டின் கீழே மண்டி, மேலே குடித்தனம். வீட்டுக்குள் நுழைகிற யாரும் முதலில் தும்முவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வரிசையாகத் தும்மிக்கொண்டே ஏறி வந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் பேசினார். வெள்ளை மீசை, வாய் நிறைய வெற்றிலை. மாப்பிள்ளை அவர் பின்னால் உட்கார்ந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழம்பு வைக்கத் தெரியுமா தாயி?"

"தெரியும்."

"கோவம் கீவம் வருமா?"

"வராது."

"கூட்டம் நிறைஞ்ச வீடு. அனுசரிச்சுப் போவியா?"

"போவேன்."

கௌதமி குனிந்து வெற்றிலையைத் தட்டில் அடுக்கும் சாக்கில் என் காதருகே வந்தாள். "மூணும் ஆமா இல்லன்னு பதில் வர கேள்வி. ஒரே ஆளாண்டயே கேட்டுகினு கீறாரு. பின்வரிசை தூங்குது."

பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். எங்கள் தொழிலை இன்றைக்கு ஒரு நாளாவது வாசலில் விட்டு வரவேண்டும் என்று சபதம் எடுத்திருந்தேன். அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா சிரித்தார். "பிள்ள லட்சணமா இருக்கு. படிச்ச பிள்ள, மண்டிக் கணக்கையும் ஒரு கண்ணு பாத்துக்கிடும். என்னடே, உனக்குச் சரிதானே?" என்று பின்னால் திரும்பினார். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி பெரியப்பா," என்றார். அவர் குரலை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பின்வரிசைக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது.

அப்பாவின் கண்ணில் தண்ணீர். மிளகாய் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வெத்தில பாக்கு மாத்திக்கிடலாம் அண்ணாச்சி," என்றார் பெரியப்பா.

அப்பா தட்டை நீட்டினார். பெரியப்பா வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தேங்காய் வியாபாரி கையில் தேங்காய் வந்தால் என்ன செய்வார்? மற்றவர்கள் மூக்கைத் தொட்டுக்கொள்வதுபோல், யோசிக்காமல், எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

லொடலொட.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தட்டில் வெற்றிலைக்கு நடுவே கருங்காலிபோல் பளபளத்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் பார்த்தேன்.

பெரியப்பாவுக்குக் கோபமில்லை. வேடிக்கையாகத்தான் தேங்காயை என் பக்கம் நீட்டி, இன்னொரு தரம் குலுக்கினார்.

"டீச்சரம்மா, நீயே சொல்லு. உள்ள என்ன சத்தம் கேக்கு?"

நான் எழுந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"தேங்காயினுள் தண்ணீர் இருக்கிறது."

அந்த வீட்டில் யாரும் தும்மவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அத்தைகூட விழித்துக்கொண்டார். கௌதமி கையிலிருந்த பாக்குக் கிண்ணம் கீழே விழுந்தது.

பெரியப்பா தேங்காயைத் தட்டில் வைத்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, தேங்கா போவுது, வேற வாங்கிக்கிடலாம். அது ஒரு பெரிய விசயமில்ல. ஆனா பிறந்ததிலிருந்து தேங்காய்க்குள்ள கெடக்கவன்கிட்ட, கொப்பரைய தண்ணின்னு மூஞ்சி மாறாம சொல்லுதே பிள்ள. அதான் யோசனையா இருக்கு."

வியாபாரிக்கு யோசனை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் சாதி சனத்துக்குத் தெரியும். கும்பிட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். மாப்பிள்ளை படியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பெரியப்பா அவர் தோளில் கை வைத்து இறக்கிக்கொண்டு போய்விட்டார். தேங்காயைக் கையோடு எடுத்துக்கொண்டார். எண்ணெய்க்கு ஆகும் என்றார்.

ஜட்காவில்

திரும்பும்போது கௌதமி முதலில் தன் குற்றத்தைச் சொன்னாள்.

"ரெண்டு தேங்கா பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுடி. எது பார்வைக்கு நல்லா கீதோ அத்த எடுத்தேன். நீ வாங்கினது நாரும் புழுதியுமா கலீஜா இருந்துச்சு." கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என் தப்பு. நீ இன்னாத்துக்குடி தண்ணி கீதுன்ன? 'மாமா, கெட்ட தேங்கா, மாத்திக் குடுக்கறோம்'னு சொல்லியிருந்தா இந்நேரம் நீ கல்யாணப் பொண்ணு. எதுக்குப் பொய் சொன்ன?"

"நான் பொய் சொல்லவில்லை," என்றேன்.

ஜட்காக்காரனே திரும்பிப் பார்த்தான்.

உண்மையாகத்தான் சொன்னேன். அவர் குலுக்கியபோது என் காதில் லொடலொட என்றுதான் விழுந்தது. 'என்ன சத்தம்' என்று கேட்டதும் அது தண்ணீராகிவிட்டது. நடுவில் நான் எதையும் மறைக்கவில்லை, மாற்றவில்லை. வரன் போனதற்காக அழவில்லை. அந்த அழுகை பிறகு, பல நாள் கழித்து, தனியாக வந்தது. அன்று எனக்குப் பயம்தான். என் காதுக்கு என்ன ஆயிற்று என்று பயம்.

கௌதமி என் முகத்தைப் பார்த்தாள். ராயபுரம் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறு வெள்ளிக்கிழமை

மறு வாரம் பாடம் நடத்தவேண்டியவள் எஸ்தர் என்கிற மாணவி. அவளுக்கும் தேங்காய்தான். அலமாரியில் இருந்தது நான் மார்க்கெட்டில் வாங்கிய தேங்காய். எஸ்தருக்கு ஒன்றும் தெரியாது. எண்ணெய் தடவித் துடைத்து, முடிந்தவரை பழையதுபோல் ஆக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நானும் கௌதமியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் டிரெயினிங் ஸ்கூலின் தலைமை அம்மாள் அன்று நாற்காலி போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தார்.

"குலுக்கிப் பார்த்துச் சொல். உள்ளே என்ன சத்தம் கேட்கிறது?"

கன்னியம்மா எழுந்து வந்தாள். பழகிய கை, பாராமலே வாங்கிக் குலுக்கியது.

தளக், தளக் என்றது.

கன்னியம்மா நின்றுவிட்டாள். இன்னொரு தரம் குலுக்கினாள். காதை வைத்துக் கேட்டாள். பின்னாலிருந்த பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் தினம் தேங்காய் உடைக்கிற பிள்ளைகள்தான். அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எஸ்தர் இன்னொரு முறை கேட்டாள். கன்னியம்மா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, தலைமை அம்மாளைத் தாண்டி, கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம். தேங்காயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சின்னக் குரலில் கேட்டாள்.

"டீச்சர், இதுல நெசமாவே தண்ணி கீது. இப்ப இன்னா சொல்றது?"

எஸ்தர் பாடக்குறிப்பைப் புரட்டினாள். அதில் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதை எழுதிக்கொடுத்தவள் நான்தான்.

பாடம் நடக்கும்போது ஆசிரியை குறுக்கிடக் கூடாது. நான் எழுந்து முன்னால் போனேன். கன்னியம்மாவிடமிருந்து தேங்காயை வாங்கினேன். நான் பிள்ளைகளுக்கு முன் நின்று வெகு காலமாகியிருந்தது. கல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. வாசற்படியின் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

தண்ணீர் என் சேலையிலும் கன்னியம்மாவின் பாவாடையிலும் தெறித்தது. மிச்சத்தை ஏந்தி அவள் குடித்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் வரிசையைக் கலைத்துக்கொண்டு வந்தார்கள். பல்லால் கடித்தும் நகத்தால் நோண்டியும் ஆளுக்கொரு சில்லு. ஒரு பயல், "இன்னா ருசிடா," என்றான். முழு வாக்கியம் இல்லை.

அது முடிந்து விமர்சனம் நடந்தது. தேங்காய் உடையலாம், விமர்சனம் நிற்காது. ரோசம்மாள்தான் முதலில் எழுந்தாள், போன வாரம் சாக்பீஸ் முகத்தோடு அழுதவள். குணம் ஒன்று சொன்னாள்: பிள்ளைகள் ஊக்கத்தோடு பங்கு கொண்டனர். குறை ஒன்று சொன்னாள்: கற்பிக்கும் சாதனம் சேதப்படுத்தப்பட்டது. தலைமை அம்மாள் இரண்டுக்கும் ஒரே அளவாகத் தலையை ஆட்டினார். இரண்டுமே சரிதான் என்று நான் எழுந்து ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் கடற்கரையில் கட்டுமரங்களுக்கு நடுவே வழக்கம்போல் நின்றோம். வலை காய்ந்துகொண்டிருந்தது. கௌதமி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சில்லை எடுத்து, பாதி எனக்குக் கொடுத்து, பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் மென்றாள்.

இருட்டுகிறவரை நின்றோம். அன்றைக்கு ராஜினாமா செய்ய இருவருமே மறந்துபோனோம்.